கணக்குக்கு ஒரு மறுபிரதி: லைசென்ஸ் பற்றித் தெரிந்துகொள்வோம்



2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் பலர் ரேஷன் கார்டு, பட்டா, சான்றிதழ்களை இழந்தார்கள். அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. ஆனால் நம் சந்தா, சேமிப்பு, கடன் கணக்கு கம்ப்யூட்டரோடு போய்விட்டால் யார் நகல் கொடுப்பார்கள்? அமராவதிபுதூரில் வெள்ளம் வராதுன்னு சொல்லலாம். இடி இறங்கினாலோ, வைரஸ் வந்தாலோ போதுமே!

அதனால்தான் கணக்கின் நகலை இணையம் வழியாக வேறு ஊரில் உள்ள கம்ப்யூட்டரில் வைக்கிறார்கள். இதற்குப் பெயர் கிளவுட் பேக்கப்.

லைசென்ஸ் என்றால் என்ன?

வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டினாலும் சிலிண்டர் கம்பெனிக்குத்தான் சொந்தம். நமக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. சாப்ட்வேரும் அப்படித்தான். நாம் வாங்குவது அனுமதி. ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு நம்முடையது.

கட்டணம் எப்படிப் போடுகிறார்கள்?

1. கம்ப்யூட்டர் எண்ணிக்கைப்படி: இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டு லைசென்ஸ்.
2. இடத்தின் அளவுப்படி: எத்தனை ஜி.பி. வைக்கிறோமோ அதற்கேற்ற பணம். கணக்கு மட்டும் என்றால் சிறிய இடமே போதும். போட்டோ, வீடியோ சேர்த்தால்தான் ஏறும்.
3. ஆள் கணக்குப்படி: பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும்.

சென்னையைச் சேர்ந்த வேம்பு டெக்னாலஜீஸ் பேக்கப் சாப்ட்வேர் தயாரிக்கும் நிறுவனம். அங்கும் சர்வர், சாதாரணக் கம்ப்யூட்டர் என்று தனித்தனியாகத்தான் லைசென்ஸ்.

காலமும் இரண்டு வகை. ஒருமுறை கட்டுவது வீடு வாங்குவது போல. ஆண்டுச் சந்தா வாடகை போல. இதில் ஒன்றைக் கவனியுங்கள். சாப்ட்வேரை ஒருமுறை பணம் கட்டி வாங்கினாலும், நகல் இருக்கும் இடத்துக்கு வாடகை தனியாக இருக்கலாம்.

உதாரணமாக, கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு 3,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 540. ஆக மொத்தம் 3,540 ரூபாய். தீர்மானம் போடும்போது வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

இலவசம் போதாதா?

கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இலவசம். மெயில், போட்டோ, கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கணக்கையே அழிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

"கடைக்காரத் தம்பி சும்மாவே போட்டுத் தர்றேன்னாரு" என்று சில அக்காமார் சொல்வதுண்டு. பூட்டை உடைத்த திருட்டு சாப்ட்வேர் வேண்டவே வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி-யின்படி, தெரிந்தே அதைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்; குற்றம் குற்றம்தான். அதோடு வைரஸும் சேர்ந்து வரும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

• லைசென்ஸ் யார் பெயரில்? கூட்டமைப்பின் பெயரிலும் மெயிலிலும் இருக்க வேண்டும். கணக்காளர் பெயரில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது சாவியும் கூடவே போய்விடும்.
• சந்தா முடிந்தால் என்ன ஆகும்? புதிய நகல் எடுப்பது நின்றுவிடும். பழைய நகலை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.
• கம்ப்யூட்டர் மாற்றினால் லைசென்ஸையும் மாற்றித் தருவார்களா?
• நகலைத் திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா?

நினைவில் கொள்ளுங்கள்: பாஸ்வேர்டை எழுதி உறையில் ஒட்டி, தலைவி, செயலாளர் இருவர் கையெழுத்துடன் பீரோவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலைத் திறந்து, ஒரு குழுவின் கடன் பாக்கி பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல், வாங்கிப் பார்க்காத ரசீது மாதிரி.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்க: நம் கணக்கு இன்று எங்கெங்கே இருக்கிறது? லைசென்ஸ் முடியும் தேதி நம்மில் யாருக்குத் தெரியும்? தெரியாவிட்டால், அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.