குழலைக் கழற்றிப் பார்த்த பிறகு ஆண்டைச் சொல்லுங்கள்

துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். மூணாறு எஸ்டேட்டிலிருந்தோ கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பிலிருந்தோ ஒருவர் பழைய போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு வந்து நிற்பார். “தாத்தா வச்சிருந்தது. எந்த வருஷத்துச் சரக்கு இது?” லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அலைந்துகொண்டிருப்பவர் அவர். 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபின், பரம்பரையாக வந்தது உட்பட ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். நீங்கள் சொல்லும் ஆண்டை நம்பித்தான் முடிவெடுப்பார்கள்.

மூணாறு மலைகளில் பழைய துப்பாக்கிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் மேனேஜர்களும் பெட்டியோடு துப்பாக்கியும் கொண்டுவந்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. 2022-ல் பயிரை நாசமாக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கேரள அரசு கொடுத்தது. அதிலிருந்து லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களைத் தேடி ஆள் வருகிறது.

கையில் வாங்கியதும் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அதன் பிறகுதான் எண்ணைத் தேட வேண்டும்.

எண்ணைத் தேடுவதில்தான் நான் முதன்முதலில் தவறினேன். ஒரு டபுள் பேரல் 12 போர் துப்பாக்கி. பக்கத் தகட்டில் தெளிவாக நாலு இலக்கம் தெரிந்தது. அப்படியே ரிஜிஸ்டரில் ஏற்றினேன். அது காப்புரிமை எண். உண்மையான எண் முன்கட்டையைக் கழற்றினால் தெரியும் இரும்பில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இருந்தது. நான் எழுதிய எண்ணும் லைசென்ஸில் இருந்த எண்ணும் ஒத்துப்போகாமல் அந்த வாரிசு நாலு மாதம் நடந்தார். அன்றிலிருந்து குழல், முன்கட்டை இரும்பு, நடுச்சட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, மூன்று எண்ணையும் தனித்தனியாகவே எழுதுகிறேன். மூன்றும் ஒன்றாக இருந்தால் விலை ஏறும். குழல் எண் மட்டும் வேறாக இருந்தால், இடையில் யாரோ குழல் மாற்றியிருக்கிறார்கள்.

எழுத்து மங்கியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி குற்றம். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தவருக்கும் அந்தச் சட்டம்தான்.

எண் கிடைத்ததும் ஆண்டு கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி போன்ற லண்டன், பர்மிங்காம் கடைகள் துப்பாக்கிக்குத் துப்பாக்கி பேரேடு எழுதிவைத்தன. எண்ணை அனுப்பிக் கேட்டால், முதலில் யார் வாங்கினார், எந்த நாளில் கடையை விட்டுப் போனது என்பதுவரை கிடைக்கக்கூடும். சாம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த .275 ரிக்பியின் பின்கட்டையில் அதைச் சொல்லும் வெள்ளித் தகடு உண்டு. நம் மேசைக்கு வருபவற்றில் தகடு இருக்காது. பேரேடுதான் துணை.

போலீஸ் ஆர்மரர் பிரிவுக்குப் போகிறவர்கள் .303 லீ என்ஃபீல்டைக் கையாள்வார்கள். தனியாருக்கு அந்தக் குழல் அளவு தடை. அதன் எண்ணில் முன்னால் ஓர் எழுத்து நிற்கும்; வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதால் ஒரே எண் வேறு வேறு ஆண்டுகளில் வரலாம். அதனால் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை சேரும் இரும்புக் கழுத்தைப் பாருங்கள்: கிரீடம், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு மூன்றும் அங்கேயே அடித்திருக்கும். இச்சாப்பூர் என்றும் 1942 என்றும் இருந்தால் அதற்குமேல் தேட வேண்டாம்.

வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளே பெரிய சாட்சி. “நாட் ஃபார் பால்” என்று பர்மிங்காமில் அடித்திருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது. “நைட்ரோ புரூஃப்” என்றால் 1896 அல்லது அதற்குப் பின். ஜெர்மன் குழல்கள் பலவற்றில் மாதமும் ஆண்டுமே இருக்கும். 6 31 என்றால் 1931 ஜூன். பெல்ஜியத்து லியேஜ் முத்திரையில் 1922 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஆனால் பழைய துப்பாக்கியைப் பின்னாளில் மறுபடி சோதித்து முத்திரை போடுவதும் உண்டு, ஆகவே இருப்பதில் மிகப் பழைய முத்திரையைப் பிடியுங்கள்.

யானை வேட்டைக்கான பெரிய இரட்டைக்குழல் ரைபிள் வந்தால் தோட்டாவின் அளவைப் பாருங்கள். 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 அளவை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. அதைத் தாண்டிப் போகத்தான் .470, .465 என்ற அளவுகள் பிறந்தன. .470 ரைபிள் ஒன்றை 1890-களுடையது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எண்ணே இல்லாத சின்ன .22-ஐயும் கள்ளத்துப்பாக்கி என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது 1968 சட்டத்தில்தான். அதற்கு முந்தையவற்றில் பல எண்ணில்லாமலே வெளிவந்தவை. அதற்காக அப்படியே திருப்பிக் கொடுத்துவிடவும் கூடாது. லைசென்ஸ் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் தனியாகப் பட்டறை போட்டுவிட முடியாது. பழுதுபார்க்கவே லைசென்ஸ் வேண்டும். உரிமம் உள்ள கடையில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபடியே எழுதும் கையும், ஒவ்வொரு முத்திரையையும் போன் கேமராவில் நெருங்கிப் படமெடுக்கும் பொறுமையும் போதும், மற்றதைக் கடை கற்றுத்தரும்.

இங்கிலாந்துக்கு எழுதினால் பதில் வரத் தாமதமாகும். அதுவரை வந்தவருக்கு ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: “பர்மிங்காம், 1896-க்குப் பின், மூன்று எண்களும் ஒன்றே, பேரேட்டுத் தகவல் வரவேண்டும்.” கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.