கார்போகரிசி தரும் பாடம்

சென்ற கோடையில் என் விடுதி அறைத் தோழர், இளமை காக்கும் மூலிகை என்று எவரோ சொல்லக் கேட்டு, கார்போகரிசியை வாங்கி அரைத்து முகத்தில் பூசிக்கொண்டார். பிறகு பெங்களூரின் உச்சி வெயிலில் கிரிக்கெட் ஆடினார். இரண்டாம் நாள் முகம் சிவந்து கொப்புளித்தது. “மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்றிருந்தேன்” என்றார். இருபது வயதில் சுருக்கம் ஏது என்று நான் கேட்கவில்லை. ஆனால், கொப்புளத்தின் காரணத்தைத் தேடினேன். கற்றதை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

கார்போகரிசி அவரைக் குடும்பச் செடியொன்றின் விதை. நம் வீட்டுக் குளியல் பொடியிலும் சிறிது சேர்வதுண்டு. வடமொழியில் இது பாகுசி. 1966-இல் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் கோவர்தன் மேத்தா, ராம்தாஸ் நாயக், சுக் தேவ் ஆகியோர் இவ்விதையினின்று பிரித்தெடுத்த பொருளே பாகுச்சியோல். மேத்தா அவர்கள் பின்னர் 1998 முதல் 2005 வரை நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக விளங்கினார்.

இன்று முகக் களிம்புகளில் சேர்வது இப்பொருள்தான். இதன் பயன் யாது? தோல் சுருக்கத்திற்கு வைட்டமின் ‘ஏ’ இனத்து ரெட்டினோல் நெடுநாளாக வழங்கி வருகிறது. ஆனால் அது பலருக்கு எரிச்சல் தரும். 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 44 பேரில் ஒரு சாரார் 0.5 சதவீதப் பாகுச்சியோலும், மறு சாரார் அதே அளவு ரெட்டினோலும் 12 வாரம் பூசினர். சுருக்கமும் கருமையும் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குறைந்தன. தோலுரிதலும் எரிச்சலும் ரெட்டினோல் பூசியோர்க்கே மிகுதி. எனினும், 44 பேர் சிறு தொகையே என்பதை மறத்தலாகாது.

பின் தோழருக்கு ஏன் கொப்புளம்? விதையில் சோராலென் என்னும் மற்றொரு பொருளும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது தோல் உயிரணுவின் மரபுப்பொருளைப் பற்றிக்கொண்டு புண்ணாக்கும். வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர்கள் அதையே அளந்த மருந்தும் அளந்த ஒளியுமாகக் கையாளுகின்றனர். தோழரோ இரண்டையும் அளவின்றிச் சேர்த்தார்.

ஆகவே விதை வேறு, அதனின்று பிரித்த பொருள் வேறு. சோராலென் நீக்கித் தூய்மை செய்த பாகுச்சியோலையே பூசுக. அதையும் முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்க்க. கருவுற்றோர் மருத்துவரைக் கேளாது பூசலாகாது. வெயிலினின்று முகத்தைக் காப்பது இவை அனைத்திற்கும் முற்பட்ட இளமைக் காப்பு.

தோழர் தேறிவிட்டார். நெற்றியில் மட்டும் ஒரு கருந்தழும்பு இன்னும் மறையவில்லை.