கைக்கு எட்டும் திரை: படுக்கையருகே டேப்லெட் தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பக்கவாதத்தால் ஒரு கையின் வலுவையும் பேச்சையும் இழந்தோர், கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் காயமுற்றோர், இயக்க நரம்பணு நோயால் தசைகள் படிப்படியாக மெலிந்து வருவோர் ஆகியோரின் இல்லங்களில் டேப்லெட் இன்று இன்றியமையாத பொருளாகிவிட்டது. வெளியூரிலுள்ள பிள்ளைகளின் முகத்தைக் காண்பதும், மருத்துவரிடம் காணொளி வழியே ஆலோசனை பெறுவதும், கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்தைப் படுத்தவாறே நேரலையில் தரிசிப்பதும் அதன் வழியாகவே நிகழ்கின்றன. பேச இயலாதோர்க்கு அதுவே குரலாகவும் அமைகிறது.

ஆனால் அதனை யாரேனும் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியுள்ளது. கால் மணி நேரத்தில் பராமரிப்பவரின் தோள் வலிக்கத் தொடங்கும். தலையணையில் சாய்த்து வைத்தால் சரிந்துவிடும். எனவே பலரும் கட்டிலில் பொருத்தும் வளையும் தாங்கி ஒன்றை வாங்குகின்றனர். சில வாரங்களில் அது தளர்ந்து மூலையில் கிடக்கிறது. இவ்விழப்பைத் தவிர்க்க, வாங்குமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திரை குரலாகும்போது

இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், 1985-ஆம் ஆண்டு மூச்சுக்குழாயில் துளையிடும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பேசும் திறனை முற்றிலும் இழந்தார். 2018-இல் மறையும் வரை, அவரது சக்கர நாற்காலியில் பொருத்தப்பட்ட கணினியே அவருக்காகப் பேசியது. நம் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' என்னும் கருவி, 'வித்யாசாகர்' நிறுவனத்துச் சிறப்புக் குழந்தைகளின் தேவையையொட்டி வளர்ந்து, பின்னர் டேப்லெட் செயலியாக மாறியது. திரையிலுள்ள படங்களைத் தொட்டால் அது தமிழிலும் பேசும்.

இத்தகைய செயலிகளைப் பெறுவது இன்று எளிது. அவற்றைத் தாங்கும் திரை உரியவரின் விரலுக்கு எட்டும் இடத்தில் நாள்தோறும் அசையாமல் நிற்க வேண்டும். எட்டாத இடத்தில் இருக்கும் திரையால் பேச இயலாதவருக்குப் பயனில்லை.

முதற்கேள்வி: பார்ப்பதற்கா, தொடுவதற்கா?

கடைக்குச் செல்லுமுன் இதனை முடிவு செய்துகொள்ளுங்கள். பார்ப்பதற்கு மட்டுமெனில், நீண்டு வளையும் தண்டுடைய தாங்கியே போதும். திரையைத் தொட்டு இயக்குபவருக்கு அது போதாது. ஒவ்வொரு தொடுதலிலும் திரை பின்வாங்கி ஆடும். நடுக்கமுள்ள விரல் ஒரு படத்தைத் தொட முயன்று அடுத்த படத்தைத் தொட்டுவிடும். 'தண்ணீர்' கேட்க நினைத்தவர் வேறொன்றைக் கேட்டுவிட்டு, சலிப்புற்று முயற்சியையே கைவிடுவார். 'அவருக்கு விருப்பமில்லை' என்று குடும்பத்தார் கருதும் பல நேரங்களில் தாங்கியின் ஆட்டமே காரணமாக இருக்கக்கூடும்.

தொடுவோர்க்குக் குட்டையான, கணுக்களைத் திருகி இறுக்கும் உலோகக் கையுடைய தாங்கியே ஏற்றது. திருமணங்களைப் படமெடுப்போர் விளக்குகளைப் பொருத்தப் பயன்படுத்தும் 'மேஜிக் ஆர்ம்', 'சூப்பர் கிளாம்ப்' ஆகியவை இதற்கு மிகவும் உதவும். ஒளிப்படச் சாதனக் கடைகளில் இவை கிடைக்கும். கால் அங்குலத் திருகு பொருந்தும் டேப்லெட் பிடிப்பானைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

கண் அசைவால் இயக்கும் கருவியைப் பயன்படுத்துவோர்க்கு, திரை சிறிது நகர்ந்தாலும் கருவியை மீண்டும் சீரமைக்க நேரும். அவர்களுக்கு வளையும் தண்டு அறவே ஏற்றதன்று.

நீளமும் எடையும்

நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பது எளிது. கையை நீட்டிப் பிடிப்பது கடினம். தாங்கிக்கும் இதே விதிதான். அரைக் கிலோ எடையுள்ள டேப்லெட் கிளாம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கும்போது ஏற்படும் சுழற்று விசை, 60 செ.மீ. தள்ளி நிற்கும்போது இரு மடங்காகிறது. எனவே மிக நீளமானதை வாங்குவதைவிட, கிளாம்பைப் பொருத்தும் இடத்தை நோயாளியின் அருகே அமைத்து, தேவையான அளவுக்கு மட்டும் நீளமுள்ளதை வாங்குவதே அறிவுடைமை.

10 அல்லது 11 அங்குலத் திரையுடைய டேப்லெட்டுகள் ஏறத்தாழ 450 முதல் 550 கிராம் எடையுள்ளவை. தடித்த உறையுடன் இது முக்கால் கிலோவை எட்டலாம். உறையுடன் சேர்த்து எடை பார்த்து, பெட்டியில் குறிப்பிட்டுள்ள தாங்குதிறன் அதனினும் கணிசமாக மிகுந்துள்ளதா என உறுதி செய்க. வளையும் தண்டு அடிக்கடி வளைக்கப்படுவதால் நாளடைவில் தளரும் என்பதையும் கருத்தில் கொள்க.

கிளாம்ப் எதனைப் பற்றப்போகிறது?

தாங்கியின் உறுதி, அது பற்றும் பொருளின் உறுதியை மிஞ்ச இயலாது. அளவுநாடாவால் கட்டில் சட்டத்தின் தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, கிளாம்பின் வாய் அதற்கேற்பத் திறக்குமா என்று பாருங்கள். இரும்புக் கட்டிலின் உருண்டைக் குழாயைத் தட்டையான வாயுடைய கிளாம்ப் சரியாகப் பற்றாது, சுழன்றுவிடும். உட்புறம் ஆப்பு வடிவில் வெட்டுடைய கிளாம்பே குழாயை இருபுறமும் கவ்வும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிக் குழாயின்மேல் சுற்றி இறுக்கினால் வழுக்கல் குறையும்.

மருத்துவமனைக் கட்டில்களில் ஏற்றி இறக்கும் பக்கத் தடுப்புக் கம்பியில் பொருத்தாதீர்கள். முதுகுப்பகுதி உயரும் கட்டிலாயின் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசையாத சட்டத்தில் தாங்கியைப் பொருத்தினால், முதுகுப்பகுதியை உயர்த்தும்போது நோயாளியின் முகம் திரையை நோக்கி வரும்; ஒவ்வொரு முறையும் திரையை முதலில் விலக்க வேண்டும். கயிற்றுக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை கிளாம்புக்கு உகந்தவையல்ல. அவ்வீடுகளில் கனமான அடிப்பாகமும் பூட்டும் சக்கரங்களும் கொண்ட தரைத் தாங்கியே நலம்.

வாங்கியபின் மூன்று சோதனைகள்

திருப்பிக் கொடுக்கும் கால அளவு முடியுமுன், டேப்லெட்டை மாட்டாமலும் நோயாளி அருகில் இல்லாமலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. தொய்வுச் சோதனை: அரை லிட்டர் நீர் நிறைந்த குடிநீர்ப் பாட்டிலின் எடை அரைக் கிலோவைச் சற்று மிஞ்சும். உறையுடன் உங்கள் டேப்லெட் அதனினும் கனமாயின் முக்கால் லிட்டர் நீரைக் கொள்க. அதனைத் துணிப்பையிலிட்டுத் தாங்கியின் நுனியில் தொங்கவிட்டு, அருகிலுள்ள சுவரில் நுனியின் உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். மறுநாள் காலையில் நுனி கண்ணுக்குத் தெரியுமளவு இறங்கியிருப்பின் அத்தாங்கி உங்களுக்கு ஏற்றதன்று.

2. தொடுதல் சோதனை: பிடிப்பானில் ஓர் அட்டைப் புத்தகத்தை மாட்டி, ஒரு விரலால் அழுத்தி எடுங்கள். உடனே ஆட்டம் நின்றால் நன்று. 'ஒன்று, இரண்டு, மூன்று' என எண்ணியும் ஆடிக்கொண்டிருந்தால், அது பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும்.

3. குலுக்கல் சோதனை: படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டுகிறோம். அப்போது கட்டில் அசையும் அளவுக்கு அதனை அசைத்துப் பாருங்கள். கிளாம்ப் சிறிதும் நகரக்கூடாது.

எங்கே நிறுத்துவது?

கண்ணிலிருந்து ஏறத்தாழ 45 முதல் 60 செ.மீ. தொலைவில், முகத்துக்கு இணையான சாய்வில் திரை நிற்கட்டும். கழுத்தை மடித்தோ திருப்பியோ பார்க்க நேர்ந்தால் திரையைத்தான் நகர்த்த வேண்டும். தொடுவோர்க்கு, முழங்கை தலையணைமீது ஊன்றியிருக்கும் நிலையில் விரல் எட்டுமாறு அமையுங்கள். அதற்கு இன்னும் நெருக்கமாக வைக்க நேரலாம். மூளையின் வலப்புறப் பக்கவாதத்தில் சிலர் தமக்கு இடப்புறமுள்ளவற்றைக் கவனிப்பதில்லை. அவர்களுக்கு முதலில் வலப்புறம் வைத்து, சிகிச்சையாளரின் அறிவுரைப்படி மெல்ல நடுப்பகுதிக்குக் கொண்டுவரலாம்.

சன்னலின் ஒளி திரையில் பட்டுக் கூசக்கூடாது. சன்னல் வழியே மலை தெரியும் வீடாயின் அக்காட்சியைத் திரை மறைக்கவும் கூடாது. தம் கையால் திரையை விலக்க இயலாதவருக்கு, 'போதும்' என்று உணர்த்தும் சைகை ஒன்றை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொள்வது மட்டுமே அவருக்கு எஞ்சிய வழியாக இருத்தல் கூடாது.

பாதுகாப்புக்கு ஐந்து குறிப்புகள்

• முகத்துக்கு நேர் மேலே ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். சற்றுப் பக்கவாட்டிலோ மார்புக்கு மேலோ இருக்கட்டும்.

• டேப்லெட் உறையையும் கட்டில் சட்டத்தையும் உறுதியான கயிற்றால் இணையுங்கள். கிளாம்ப் நழுவினாலும் டேப்லெட் முகத்தை எட்டாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும்.

• சிறுநீர்க்குழாய், உணவுக்குழாய், காற்று மெத்தையின் குழாய் ஆகியவை கிளாம்பில் நசுங்காதவாறு பாருங்கள். குளுக்கோஸ் ஏற்றும் கம்பத்திலும் ஆக்சிஜன் சிலிண்டரிலும் பொருத்தாதீர்கள்.

• ஆக்சிஜன் பெறுவோரின் படுக்கையில் டேப்லெட்டுக்கு மின்னேற்றம் செய்யாதீர்கள். அப்பால் கொண்டுசென்று செய்யுங்கள்.

• இதயமுடுக்கியோ காந்தத்தால் அளவை மாற்றும் மூளைநீர் வடிகுழாயோ பொருத்தப்பட்டவருக்குக் காந்தப் பிடிப்பான் வேண்டா. காந்தமுள்ள உறையையும் அவற்றிலிருந்து குறைந்தது 15 செ.மீ. விலக்கி வையுங்கள்.

கிளாம்பின் திருகை வாரம் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் இல்லாத வேளையில்

திரை மட்டுமே குரலாக இருத்தல் ஆகாது. ஓர் அட்டையில் 12 உயிரெழுத்துகளை ஒரு வரிசையிலும் 18 மெய்யெழுத்துகளைக் கீழே மூன்று வரிசைகளிலும் எழுதுங்கள். நீங்கள் வரிசையாகச் சுட்டிவர, நோயாளி கண்சிமிட்டி முதலில் மெய்யையும் பின்னர் உயிரையும் தேர்ந்தால் எந்தச் சொல்லையும் உருவாக்கலாம். உயிரெழுத்து தனித்து வருமிடத்தில் அதனை மட்டும் தேர்ந்தால் போதும். டேப்லெட் இல்லாத வேளையில் அதே தாங்கியில் இவ்வட்டையை மாட்டலாம். அழைப்பு மணி ஒன்றும் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' எனப்படும் செயல்முறை சிகிச்சையாளர், எந்த விரல், எந்தக் கோணம், எவ்வளவு தொலைவு என்பதை அளந்து கூறுவார். நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1966-ஆம் ஆண்டு முதல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையத்தை நடத்தி வருகிறது. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, கட்டிலின் ஒளிப்படத்தையும், சட்டத்தின் தடிமனையும், உறையுடன் டேப்லெட்டின் எடையையும் குறித்து எடுத்து வாருங்கள். இம்மூன்றும் கையில் இருந்தால், எவ்வகைத் தாங்கி வேண்டும் என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம்.