நாணயம்

நுழையும்முன்

நாணயம் என்னும் சொல், காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கடன் வழங்கும் வங்கி, கடன் பெறுவோரின் நாணயத்தை நம்பியே காசைக் கொடுக்கிறது. அந்நம்பிக்கை நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்ட காலத்தில், மறுக்கப்பட்ட மக்களின் சிறுசேமிப்பைக் கொண்டே வங்கி ஒன்றை எழுப்பியவர் மேகி லீனா வாக்கர்.

துணிக்கூடை சுமந்த சிறுமி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் மேகி பிறந்தார். அவருடைய தாய் எலிசபெத், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர். 1876இல் கணவரை இழந்த எலிசபெத், பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காத்தார். வெளுத்த துணிகளைக் கூடையில் சுமந்து வெள்ளையர் இல்லங்களுக்குச் சென்ற மேகி, ஒவ்வொரு காசின் பின்னும் உள்ள உழைப்பை இளமையிலேயே உணர்ந்தார்.

பதினான்காம் வயதில் அவர் செயின்ட் லூக் சங்கத்தில் சேர்ந்தார். நோயுற்ற உறுப்பினர்களுக்கு உதவுவதும் இறந்தோரின் அடக்கச் செலவை ஏற்பதும் அக்கறுப்பின மக்கள் சங்கத்தின் பணிகள். 1899இல் மேகி அதன் தலைமைச் செயலாளரானபோது கருவூலத்தில் 31 டாலர் 61 சென்ட் மட்டுமே இருந்தது. அவரது உழைப்பால் நலிந்த சங்கம் நிமிர்ந்தது.

சிறு துளி பெருவெள்ளம்

1901இல் நடைபெற்ற சங்க மாநாட்டில், நமக்கென ஒரு வங்கி வேண்டும் என மேகி வலியுறுத்தினார். ஏழைகளின் காசு தனித்தனியே கிடந்தால் அன்றாடச் செலவில் கரையும். ஒன்றுசேர்ந்தால் முதலாகும் என்பது அவர் கொள்கை. 1903 நவம்பர் 2ஆம் நாள் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. அமெரிக்காவில் வங்கி ஒன்றை நிறுவி அதன் தலைவராக விளங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் பெருமை மேகிக்கு உரியதாயிற்று.

சலவைத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் அங்குக் கணக்குத் தொடங்கினர். சிறுவர்களுக்கு உண்டியல் தந்து சேமிப்பைப் பழக்கினார் மேகி. அவ்வாறு திரண்ட வைப்புத்தொகை வீட்டுக் கடனாக மக்களிடமே திரும்பியது. வாடகைக்குக் குடியிருந்தோர் சொந்த வீட்டுக்காரர் ஆயினர். அவர்கள் செலுத்திய வட்டியும் அச்சமூகத்திற்குள்ளேயே சுழன்றது. எழுத்தராகவும் கணக்கராகவும் கறுப்பினப் பெண்கள் பணியாற்றும் வாய்ப்பும் பிறந்தது.

தோல்வியும் நிலைபேறும்

எல்லா முயற்சிகளும் கனியவில்லை. 1905இல் சங்கம் தொடங்கிய பல்பொருள் அங்காடி, வெள்ளை வணிகர்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி 1911இல் மூடப்பட்டது. வங்கியோ தளரவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் சூழ்ந்து நாடெங்கும் வங்கிகள் வீழ்ந்தபோது, நகரின் பிற கறுப்பின வங்கிகளுடன் தம் வங்கியை இணைத்து அதனைக் காத்தார் மேகி. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இயக்குநர் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், 1934இல் மறைந்தார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

காசு இல்லாதோரிடமும் நாணயம் உண்டு என்பதை ஒரு வங்கியின் கணக்கேடுகளைக் கொண்டே மெய்ப்பித்தவர் மேகி லீனா வாக்கர்.