மேடையிலிருந்து மேசைக்கு வரும் அண்ணாச்சிகளுக்கு

1996 சட்டமன்றத் தேர்தலில் சேப்பாக்கத்தில் கருணாநிதியை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றவர் நெல்லை கண்ணன். இன்றைய இளைஞர் பலருக்கு அவர் விஜய் டிவியின் ‘தமிழ்ப் பேச்சு எங்கள் மூச்சு’ நடுவர். பதவியும் கட்சியும் விட்டுப்போன பிறகும் நெல்லைச் சீமை அரசியல்வாதிக்கு வேலை உண்டு என்பதற்கு அவர் நல்ல சாட்சி. எழுத்துக்கும் ஒலிபரப்புக்கும் வர நினைக்கும் அண்ணாச்சிகளுக்குச் சில யோசனைகள் இவை.

செய்ய வேண்டியவை

• உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். கண்ணன் தன் நூலுக்கு வைத்த பெயர் ‘குறுக்குத்துறை ரகசியங்கள்’. நெல்லையின் அந்தப் படித்துறையில் முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. தாமிரபரணியில் வெள்ளம் ஏறுகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கழுவிவிட்டுப் பூஜை தொடரும். அன்று யார் தோள் கொடுத்தார்கள், கவுன்சிலராக இருந்த நீங்கள் எங்கே நின்றீர்கள், யார் வீட்டில் ஊருக்குச் சோறு பொங்கினார்கள் என்பதெல்லாம் எந்த அரசு ஆவணத்திலும் இராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

• வானொலிக்குப் போனால் எழுதிக்கொண்டு போங்கள். பாளையங்கோட்டை நிலையம் 1963 முதல் இந்தப் பக்கத்துக் குரல்களை ஒலிபரப்பி வருகிறது. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். அகில இந்திய வானொலியின் நெறிப்படி எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. மேடையில் பழகியவருக்கு இது கடினம்தான். ‘அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே’ என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்பவர் ஒருவர், அடுப்படியிலோ டீக்கடையிலோ இருக்கிறார். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, குரலைத் தாழ்த்துங்கள். கைதட்டலுக்காக நிறுத்திப் பழகிய இடங்களில் ஸ்டுடியோவில் வெறும் அமைதிதான் இருக்கும். அந்த இடங்களை முன்பே அடித்துவிடுங்கள்.

• பிறர் நூலுக்கும் உழையுங்கள். வ.உ.சி.க்கு 1908இல் தண்டனை விதித்தது இதே நெல்லை நீதிமன்றம். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்தவர், பிறகு ‘மெய்யறம்’ நூலை வெளியிட்டார், திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். சுயசரிதையும் எழுதினார். ஆனால் அவர் தன்னோடு நின்றுவிடவில்லை என்பதே என்னை மிகவும் ஈர்க்கிறது. உவரிக்காரர் வலம்புரி ஜானும் அப்படித்தான். மாநிலங்களவையில் இருந்தவர். ‘தாய்’ வார இதழின் ஆசிரியராகப் பிறர் எழுத்தை அச்சேற்றியவர்.

செய்யக்கூடாதவை

• பழைய பேச்சை அப்படியே அச்சுக்குக் கொடுக்காதீர்கள். குரலும் கையசைவும் போய்விட்டால் பாதிப் பேச்சு போய்விடும். உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள்.

• உள்ளூர்க் கூட்டம்தானே என்று எண்ணாதீர்கள். 2019 டிசம்பரில் மேலப்பாளையத்தில் பிரதமரையும் உள்துறை அமைச்சரையும் பற்றிக் கண்ணன் பேசியது காணொளியாகப் பரவியது. புத்தாண்டு பிறந்ததும் அவர் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது கைபேசி இருக்கும் ஒவ்வொரு நாற்காலியும் ஓர் ஒலிபரப்பு நிலையம்தான்.

• செத்துப்போன எதிரியின் மேல் பழி போடாதீர்கள். அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை.

• ஆள் வைத்து எழுதிவிட்டு உங்கள் பெயரைப் போடாதீர்கள். கை நடுங்கினால் பேரப்பிள்ளையிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பிறகு வரி வரியாக நீங்களே திருத்துங்கள்.

• பழைய காகிதங்களை எடைக்குப் போடாதீர்கள். கூட்ட நோட்டீஸ், கடிதம், வேட்பாளர் துண்டறிக்கை எல்லாவற்றையும் வருட வாரியாகக் கட்டி, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலோ மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். நோட்டீஸின் அடியில் அச்சகப் பெயரும் தேதியும் இருக்கும் பகுதியைக் கிழிக்காமல் வையுங்கள். ஆய்வு மாணவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.