மாணவர் நலப்பணி: பயின்று ஆற்றவேண்டிய தொண்டு

முன்னுரை

கல்லூரி என்றதும் வகுப்பறையும் நூலகமும் தேர்வுக்கூடமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், மாணவர் ஒருவர் வகுப்பறையில் இருப்பது நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமே. எஞ்சிய நேரத்தில் அவர் உண்கிறார், உறங்குகிறார், நட்புக் கொள்கிறார், பிணங்குகிறார், வீட்டை எண்ணி ஏங்குகிறார். அந்நேரத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்? அப்பொறுப்பிற்கு வேண்டிய பயிற்சி யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் அனுபவம் ஒன்றை முதற்கண் கூறுதல் பொருந்தும். நாம் விரிவுரையாளராகச் சேர்ந்த சில ஆண்டுகளில் விடுதித் துணைக் காப்பாளர் பொறுப்பு நம்மிடம் வந்தது. உடன் தரப்பட்டவை ஒரு சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் மட்டுமே. ஓரிரவு முதலாண்டு மாணவர் ஒருவர் நம் அறைக்கு வந்தார். "சார், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். ஆங்கில வழிப் பாடம் ஒன்றும் விளங்கவில்லை என்றும், வீட்டிற்குத் தெரிந்தால் தந்தையார் மனம் உடைந்துபோவார் என்றும் கூறி அழுதார். ஆறுதல் கூறினோம், தேநீர் வாங்கித் தந்தோம், கொடுத்த வாக்கையும் காத்தோம். மூன்று வாரங்கழித்து அவர் பெட்டியுடன் ஊருக்குச் சென்றார், திரும்பவே இல்லை. அதே வளாகத்தில் பின்தங்கிய மாணவர்க்கு மாலைநேர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே அவரை அழைத்துச் செல்லவேண்டும் என்பது நமக்குத் தோன்றவில்லை. நம்மிடம் அன்பு இருந்தது. அதைப் பயன்படுத்தும் முறை தெரிந்திருக்கவில்லை.

இம்முறையைக் கற்பிப்பதற்கென்றே பட்ட மேற்படிப்பு ஏற்படுத்தியுள்ள நாடு அமெரிக்கா. அங்கு மாணவர் நலப்பணி ஒரு தனித் தொழில். அத்தொழிலுக்குள் நுழையும் இளைஞரை அந்நாட்டார் எவ்வாறு உருவாக்குகின்றனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

தொழில் தோன்றிய வரலாறு

தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம் நடத்திய ஆசிரியரே ஒழுக்கக் காவலராகவும் இருந்தார். மாணவர் தொகை பெருகி, ஆசிரியர் ஆராய்ச்சியில் மூழ்கியபோது அம்முறை தளர்ந்தது. 1890-களில் ஹார்வர்டில் லீபேரன் பிரிக்ஸ் என்பவர் மாணவர் நலன் நாடும் டீனாகப் பணியாற்றினார். அதே காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மேரியன் டால்பட் அம்மையார் பெண் மாணவியரின் பொறுப்பை ஏற்றார். 1910-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி இப்பணிக்கெனப் பட்ட மேற்படிப்பைத் தொடங்கியது. 1919-இல் ஆண் மாணவர்க்கான டீன்கள் கூடி அமைத்த சங்கமே இன்று 'நாஸ்பா' என வழங்குகிறது. 1924-இல் தோன்றிய மற்றோர் அமைப்பு 'ஏ.சி.பி.ஏ.' ஆகும்.

1937-இல் அமெரிக்கக் கல்விப் பேரவை வெளியிட்ட அறிக்கை இத்துறையின் அடிப்படை ஆவணமாகும். மாணவரின் அறிவை மட்டுமன்றி, உடல், உள்ளம், சமூக உறவு, தொழில் நாட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கருதவேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டமும் இப்பணியை மாற்றியது. 1913-இல் கென்டக்கி மாநில நீதிமன்றம், பெரியா கல்லூரி வழக்கில், கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது எனத் தீர்ப்பளித்தது. 1960-இல் அலபாமா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த கறுப்பின மாணவர் சிலர், தமக்கு உணவு மறுக்கப்பட்ட சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து அறப்போர் நடத்தினர். கல்லூரி அவர்களை விசாரணையின்றி நீக்கியது. 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி மாணவரை நீக்குமுன் குற்றத்தை அறிவித்து விளக்கம் கேட்டல் வேண்டும் என்றது. அது முதல் பெற்றோர் தானம் என்னும் கருத்து வலுவிழந்தது. மாணவர் உரிமையுடைய குடிமகன் என்னும் கருத்து வலுப்பெற்றது. எனவே, நல்லெண்ணத்தோடு சட்ட அறிவும் இப்பணிக்கு இன்றியமையாததாயிற்று.

பயிற்சியின் கூறுகள்

இப்பயிற்சியை மூன்று கூறுகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, கோட்பாட்டுக் கல்வி. இளைஞர் மனம் வளரும் படிநிலைகளை ஆர்தர் சிக்கரிங் 1969-இல் ஏழு திசைகளாக வகுத்துக் காட்டினார். கல்வியில் மாணவர் தாமே எவ்வளவு ஈடுபடுகிறாரோ அவ்வளவே அவரது வளர்ச்சி என அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் நிறுவ முயன்றார். அறைகூவலும் ஆதரவும் சமநிலையில் அமையும்போதே மாணவர் வளர்வர் என்பது நெவிட் சான்ஃபோர்டின் கொள்கை. அறைகூவல் மிகின் மாணவர் ஓடிவிடுவர். ஆதரவு மிகின் வளர்ச்சியின்றித் தேங்குவர்.

இரண்டாவது, மேற்பார்வையின் கீழ்ச் செய்பயிற்சி. 1979-இல் தோன்றிய தரநிர்ணயப் பேரவை, முதுகலை மாணவர் குறைந்தது 300 மணி நேரம், இருவேறு களங்களிலேனும் பயிற்சி பெறவேண்டும் என வரையறுத்துள்ளது. மேலும் பலர் படிப்போடு வாரம் 20 மணி நேர அளவில் உதவிப் பணியாற்றி, கட்டணச் சலுகையும் ஊக்கத்தொகையும் பெறுகின்றனர். விடுதி, வேலைவாய்ப்பு வழிகாட்டல், மாற்றுத்திறனாளர் உதவி, அயல்நாட்டு மாணவர் அலுவலகம் எனக் களங்கள் பலவாகும்.

மூன்றாவது, திறன்களின் வரையறை. மேற்கூறிய இரு சங்கங்களும் இணைந்து 2015-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் பத்துத் திறன்கள் உள்ளன. அறநெறி, சட்டம், மதிப்பீடு, தலைமைப் பண்பு, சமூக நீதி, தொழில்நுட்பம், ஆலோசனை கூறல் முதலியன அவற்றுட் சில. ஒவ்வொன்றும் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகளை உடையது. புதிதாக நுழைவோர் அடிப்படை நிலையை எய்தினால் போதும். எஞ்சியவை பணிக்காலம் முழுதும் பயிலவேண்டியவை.

புதியோர் கைக்கொள்ள வேண்டியவை

இப்பயிற்சி முறையிலிருந்து, புதிதாக இப்பணியில் நுழைவோர்க்குரிய நெறிகள் ஐந்தினைத் தொகுத்துக் கூறலாம்.

1. காக்க இயலாத வாக்கைக் கொடுக்கலாகாது. மாணவர் இரகசியம் வேண்டும்போது, "உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஊறு நேருமாயின் உரியவரிடம் கூறவேண்டிவரும், மற்றபடி உன்னைக் கேளாது கூறேன்" எனத் தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிடவேண்டும்.

2. வழிகாட்டும் இடங்களை அறிந்திருத்தல் வேண்டும். மருத்துவர், மனநல ஆலோசகர், உதவித்தொகை அலுவலர், சிறப்பு வகுப்பாசிரியர் ஆகியோரின் பெயரும் இடமும் நேரமும் கைக்குறிப்பில் இருத்தல் நலம். முகவரியைச் சொல்லி அனுப்புவதினும் உடன் அழைத்துச் செல்வது சிறந்தது.

3. சட்டத்தின் வரம்பை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயர்கல்வி பயிலும் மாணவரின் பதிவேடுகளைப் பிறர்க்குக் காட்டப் பொதுவாக அம்மாணவரின் இசைவு வேண்டும். மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டுப் பழகிய நம் பெற்றோர்க்கு இது வியப்பளிக்கலாம்.

4. வாரந்தோறும் மூத்தவரிடம் தம் பணியை எடுத்துரைத்தல் வேண்டும். தவறிய இடத்தை மறைப்பவர் கற்பதில்லை. அன்றன்று நிகழ்ந்ததையும் தாம் செய்ததையும் மாற்றிச் செய்திருக்கக்கூடியதையும் நாட்குறிப்பில் எழுதி வைப்பது பயன்தரும்.

5. தம் எல்லையையும் காத்தல் வேண்டும். பட்ட மேற்படிப்பு மாணவர், தாம் கவனிக்கும் மாணவரைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர். தோழமைக்கும் பொறுப்பிற்கும் இடையே கோடு மங்குதல் எளிது. ஓய்வின்றி உழைப்பவர் விரைவில் சலிப்படைவர். சலித்தவரிடம் மாணவர் வந்து மனம் திறக்கமாட்டார்.

நம் நிலை

நம் நாட்டிலும் மாணவர் நலனுக்கென விதிகள் உண்டு. 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்ட கொடுமைக்குப்பின், 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒழுங்குமுறைகளை வகுத்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், சட்டம் தீங்கைத் தடுக்கும். அழும் மாணவரிடம் பேசும் முறையை அது கற்பிக்காது. விடுதிக் காப்பாளர் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்க்குக் கூடுதல் சுமையாகவே வருகிறது.

அமெரிக்கரின் பொருள்வளமும் தனித்துறைகளும் நமக்கு இல்லை. அவர்தம் முறையை அப்படியே பெயர்த்து நடுதலும் பொருந்தாது. ஆயின், புதிய காப்பாளர்க்குச் சில நாள் பயிற்சி, மாதமொரு முறை மூத்தோருடன் கலந்துரையாடல், உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியல் ஆகிய மூன்றிற்கும் பெருஞ்செலவு ஆகாது. நிருவாகத்தாரும் சமுதாயப் பெரியோரும் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டுகிறோம்.

முடிவுரை

மருத்துவம் பயிலாதவர் இரக்கத்தால் மட்டும் நோய் தீர்க்க இயலாது. மாணவர் நலப்பணியும் அத்தகையதே. அன்பு அதன் வேர். பயிற்சியே அதனைக் கனியச் செய்வது. இம்மலரைப் படிக்கும் மாணவருள் சிலர் நாளை ஆசிரியராகலாம். அயல்நாடு சென்று இத்துறையையே பயிலலாம். அவர்தம் அறைக் கதவையும் ஓரிரவு ஒரு மாணவர் தட்டுவார். அன்று நமக்குக் கிடைத்தது சாவிக்கொத்தும் பதிவேடும் மட்டுமே. அவர்க்கு அதனினும் மிகுதியாகக் கிடைக்கச் செய்வது நம் கடன். ஊர் திரும்பிய அம்மாணவர்க்கு நாம் பட்டிருக்கும் கடனும் அதுவே.