துப்பாக்கி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். துப்பாக்கி வாங்குவதற்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. திரும்பப் பெறலாமா?

பதில்: பெறலாம், உடனே செய்யுங்கள். முடிவு வருமுன் உள்ளூர் காவல் துறைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். 'முன்பு மறுக்கப்பட்டதுண்டா?' என்று அம்மாநிலப் படிவம் கேட்கிறது. நிராகரிப்பு பின்னாளிலும் கூடவே வரும். நாமாக விலகுவது வேறு.

உங்கள் விசா இன்னும் முக்கியம். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் 2021 முதல் தகுதியுள்ளவர்கள் உரிமமின்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். நியூ ஜெர்சியிலோ கைத்துப்பாக்கி வாங்கத் தனி அனுமதி, வெளியே எடுத்துச் செல்ல இன்னொன்று. ஆனால் மாநிலம் எவ்வளவு தளர்த்தினாலும் மத்தியத் தடை தளராது.

படிவத்தில் ஏதேனும் தவறாக நிரப்பியிருந்தால், கடிதம் அனுப்புமுன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். ஒரு தாளுக்காக உங்கள் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைக்காதீர்கள்.